முடிச்சைப் பாருங்க

என் கடையில் கல்லாப்பெட்டிக்கு மேலே, லட்சுமி படத்துக்குக் கொஞ்சம் தள்ளி, இன்னொரு படம் தொங்குகிறது. வெள்ளைக் கராத்தே உடுப்போடு அதில் நிற்பது நான். மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி விற்கிற கடை. யட்டவத்தையிலிருந்து மூட்டையோடு வருகிறவர்கள் தராசைப் பார்க்கும் முன் அந்தப் படத்தைத்தான் பார்ப்பார்கள்.

"மொதலாளி, அது யாரு?"

"நான்தான்."

"சும்மா இருங்க. யாரோ பெரிய ஹோட்டல் குக்குன்னு நெனச்சேன்."

இப்படிச் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் போக, ஒன்றிரண்டு பேர் நின்று கேட்பார்கள். மகனைக் கராத்தேக்கு அனுப்ப வேண்டும், மகளை அனுப்ப வேண்டும், டவுனில் எந்த மாஸ்டர் நல்லவர் என்று. எனக்குத் தெரிந்து ஒரு நல்ல மாஸ்டர் இருந்தார், ஓர் உதவாத மாஸ்டர் இருக்கிறார். உதவாதவரைக் கண்டுபிடிப்பது சுலபம். தினமும் காலையில் கண்ணாடிக்கு முன்னால் அவருக்கு நான்தான் சவரம் செய்கிறேன். நல்லவரைப் பற்றிச் சொல்வதுதான் கஷ்டம். மூட்டை பிரிந்து கிடக்கும், வந்தவரும் காத்துக்கொண்டிருப்பார், எனக்கு வார்த்தை வராது. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

சீனி கூடிவிட்டது, நடங்கள் என்று டொக்டர் சொன்னார். நடந்தேன். மாத்தளையில் எந்தப் பக்கம் நடந்தாலும் வழியில் தேத்தண்ணிக் கடை இருக்கிறது. நடக்க நடக்கச் சீனி ஏறியது. அப்படி நடந்த ஒரு சாயந்திரம் மழை பிடித்துக்கொண்டது. மாதா கோயில் ஹோலின் விறாந்தையில் ஒதுங்கினேன். உள்ளே கராத்தே கிளாஸ் நடந்தது. சும்மா நிற்க எனக்கு வராது. கிரிக்கெட்டுக்கு வர்ணனை சொல்கிற மாதிரி ஒவ்வொரு பிள்ளையின் உதைக்கும் ஒரு வர்ணனை சொன்னேன். பிள்ளைகள் சிரித்தன. வரிசை கலைந்தது.

மாஸ்டர் வாசலுக்கு வந்தார். கோபப்படுவார் என்று மழையிலேயே இறங்கப் பார்த்தேன்.

"அண்ணே, மழ விடுற வரைக்கும் சும்மாதானே நிக்கிறீங்க. செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க."

அந்த மழை எனக்கு வருஷக்கணக்கில் விடவில்லை.

மாஸ்டர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்த வேதக்காரத் தமிழர். காலையிலும் மத்தியானத்திலும் ஸ்கூல் வேன் ஓட்டுவார், சாயந்திரம் கிளாஸ். ஆள் ஒல்லி. என் தொடையின் சுற்றளவுதான் அவர் இடுப்பு. அவரை முதலில் பார்த்தபோது எனக்கு ஏமாற்றம். கராத்தே மாஸ்டர் என்றால் தலையால் ஓடு உடைக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். டவுனில் இன்னொரு கிளாஸ் இருந்தது, அங்கே அந்த மாஸ்டர் உடைப்பாராம்.

"நீங்க ஓடு ஒடைக்க மாட்டீங்களா மாஸ்டர்?"

அவர் மேலே காட்டினார். ஹோல் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "ஒடஞ்ச ஓடு நம்மகிட்டயே இருக்கு அண்ணே. யாராவது மாத்துறவங்க இருந்தா சொல்லுங்க."

முதல்முறை உடுப்பைப் போட்டுக்கொண்டு வீட்டு ஹோலில் நின்றேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு செத்தது?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் ஆம்பளைகள் தலை முதல் கால்வரை வெள்ளை உடுத்தினால் அது சாவு வீட்டுக்குத்தான்.

என்னை அவர் ஜோடி சேர்த்தது கிளாஸிலேயே ஆகச் சின்ன ஒரு பெண்பிள்ளையோடு. அவமானமாக இருந்தது. நான் குத்த வேண்டும், குத்து அவள் மூக்குக்கு முன்னால் நிற்க வேண்டும். கராம்பு மூட்டை தூக்கிப் பழகிய கை, கிளம்பினால் நிற்காது. அவள் கண் சிமிட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பாள். எனக்குத்தான் வேர்க்கும். மாஸ்டர் திட்ட மாட்டார். 'இப்படியில்ல' என்றுகூடச் சொல்ல மாட்டார். பக்கத்தில் வந்து நின்று, அதையே தானும் செய்வார். செய்துகொண்டே இருப்பார். நாமாகத் திரும்பிப் பார்த்து, நம் முழங்கை எங்கே இருக்கிறது, அவர் முழங்கை எங்கே இருக்கிறது என்று பார்க்கிற வரைக்கும். சிலருக்கு ஒரு நிமிஷம் போகும். எனக்கு ஒரு மழைக்காலம் போனது.

அந்தச் சின்னப்பிள்ளையின் உம்மா தினமும் விறாந்தையில் வந்து நிற்பார். புடவைக் கடை வைத்திருந்தார், மகள் கிளாஸ் முடிகிற வரை செருப்போடு வாசலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கிளாஸ் முடிந்ததும் மாஸ்டரை விறாந்தைக்குக் கூப்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சேர். கிளாஸ் தொடங்கக்குள்ளயும் முடியக்குள்ளயும் எல்லாரும் உங்களுக்குக் குனியிறாங்க. எங்கட மகள் அல்லாஹ்வைத் தவிர வேற யாருக்கும் குனியப்படாது. வீட்டுல பேச்சு வருது. புள்ள அழுறா. நிப்பாட்டவும் மனசில்ல."

கராத்தேயில் குனிந்து வணங்காமல் கிளாஸ் கிடையாது. நான் பக்கத்தில் நின்று யோசித்தேன். நானாக இருந்தால் ஏதாவது பகிடி சொல்லி அந்த அம்மாவைச் சிரிக்க வைத்து அனுப்பியிருப்பேன். பிள்ளை அதோடு நின்றிருக்கும்.

மாஸ்டர், "நாளைக்கு வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் எல்லோரும் வரிசையில் நின்றோம். "இனிமே குனியத் தேவையில்ல" என்றார். "தொடங்க முந்தியும் முடிஞ்ச பொறகும் அவங்கவங்க பெல்ட் முடிச்சப் பாருங்க. சரியாக் கட்டியிருக்கா, தளந்திருக்கான்னு. எனக்காக இல்ல. ஒங்களுக்காக." சிங்களப் பிள்ளைகளுக்காக அதையே சிங்களத்திலும் சொன்னார். பிறகு, "முடிச்சப் பாருங்க" என்றார்.

எல்லாத் தலையும் குனிந்தது. அவருடையதும். அந்தச் சின்னப்பிள்ளை தன் முடிச்சை அவ்வளவு அக்கறையாகப் பார்த்தாள். விறாந்தையில் நின்ற உம்மா முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "மாஸ்டர், என் முடிச்சு எனக்குத் தெரியல. வயிறு மறைக்குது."

"அப்ப அண்ணே கொஞ்சம் கூடக் குனியணும்."

கிளாஸே சிரித்தது. அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் "முடிச்சப் பாருங்க" என்பார், எல்லோரும் பார்ப்பார்கள், எனக்காக ஒரு நொடி கூடுதலாகக் காத்திருப்பார்.

அவருடைய குரல் கரகரக்கத் தொடங்கியதை முதலில் கவனித்தது நான்தான், அதைப் பகிடியாக்கியதும் நான்தான். "மாஸ்டர், தகரத்துல தேங்கா திருவுற மாதிரி இருக்கு" என்பேன். சிரிப்பார். வேனில் பிள்ளைகளோடு கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது என்பார். கொத்தமல்லித் தண்ணி குடித்தார். நான் கடையிலிருந்து மிளகும் கராம்பும் கொண்டுபோய்க் கொடுத்து, "இது ஆகத் தரமான சரக்கு, ஆனைக்கே தொண்ட தொறக்கும்" என்றேன். திறக்கவில்லை. தகரத்தில் தேங்காய் துருவுவது நிற்கவே இல்லை. கண்டிக்குப் போனார், அங்கிருந்து கொழும்புப் பக்கம் அனுப்பினார்கள். குரல்வளையில் கட்டி, குரல்வளையையே எடுக்க வேண்டும் என்றார்கள்.

அவர் வாழ்க்கையில் சிகரெட்டைத் தொட்டதில்லை. வெற்றிலைகூடப் போட மாட்டார். எனக்கு வாயில் வெற்றிலையும் புகையிலையும் இல்லாத நேரம் தூங்குகிற நேரம்தான். அவர் வீட்டுக்குப் போய், என்ன பேசுவது என்று தெரியாமல், "புகையில போட்டது நான் மாஸ்டர். அட்ரஸ் மாறி ஒங்க வீட்டுக்கு வந்திருச்சு" என்றேன். அவர் சிரித்தார். அவருடைய மனைவி எழுந்து உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்து குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"கொரல் போறதுக்கு நான் தயாராயிட்டேன் அண்ணே" என்றார் மாஸ்டர். "கிளாஸ் போறதுக்குத்தான் மனசு வரல. நான் திரும்பி வந்து நிக்கிறப்போ ஹோல்ல புள்ளைங்க நிக்கணும். யாருமில்லாத ஹோல்ல வந்து நின்னேன்னா, பொறகு நான் எதுக்கு வரணும்? அது வரைக்கும் நீங்க பாத்துக்கங்க."

"நானா? ஒங்க பிரவுன் பெல்ட் பசங்க எங்க?"

"ஒருத்தன் கத்தார்ல. ஒருத்தன் கெம்பஸ்ல. கெட்டிக்காரங்கெல்லாம் போயிருவாங்க அண்ணே. வேற போக்கிடம் இல்லாத ஆள் நீங்கதான்."

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாளும் கிளாஸ் எடுத்தார். கடைசியில் ஏதாவது பெரிதாகச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். குரல் இனி வராது என்று தெரிந்த மனுஷன், பிள்ளைகளிடம் எதையாவது சொல்லிவிட்டுப் போக மாட்டாரா. அவர் வழக்கம்போல வரிசையைப் பார்த்தார். "முடிச்சப் பாருங்க" என்றார். பார்த்தோம். எனக்காக ஒரு நொடி கூட நின்றார். அவ்வளவுதான். எங்களில் யாரும் அதற்குப் பிறகு அவர் குரலைக் கேட்கவில்லை.

நான் கிளாஸ் எடுத்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். நானும் சிரித்துத்தான் சொல்லுவேன், வேறு விதமாகச் சொல்ல முடியாது. முதல் நாள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, குத்துக்கு எண்ண வேண்டும். கராத்தேயில் எண்ணுவது ஜப்பான் பாஷையில். வருஷக்கணக்காகக் கேட்ட எண்தான். வாயைத் திறந்தேன். பிள்ளைகள் முஷ்டியோடு என்னைப் பார்த்தன. எனக்கு வந்தது எங்கள் தொழில் எண். மிளகு அளக்கிறபோது நாங்கள் முதல் அளவை 'ஒன்று' என்று சொல்ல மாட்டோம், 'லாபம்' என்போம். வாய்க்குப் பழகிய ராசி அது.

"லாபம்" என்று கத்தினேன்.

பிள்ளைகள் குத்தின.

"ரெண்டு. மூணு."

நிறுத்த வழி தெரியவில்லை. அடுத்த சுற்றும் லாபத்தில்தான் தொடங்கியது. சிங்களப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்ற பேதமில்லாமல் கிளாஸே "லாபம்" என்று கத்திக் குத்தியது. ஹோலுக்குப் பின்னால் இருந்த ஃபாதர் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

லாபத்தில் தொடங்கிய கிளாஸ் நட்டத்தில் ஓடியது. நான் எல்லோருக்கும் "அருமை" சொன்னேன். தப்பாகக் குத்தினாலும் அருமை, விழுந்தாலும் அருமை. பகிடி சொன்னேன், பிள்ளைகள் சிரித்தன, சிரிக்கிற பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்? குத்தை மூக்குக்கு முன்னால் நிறுத்துகிறார்களா என்று நான் பார்க்கவில்லை, அடுத்த பகிடியை யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு பிள்ளையின் மூக்கில் ரத்தம் வந்தது. அடுத்த நாள் அந்தப் பிள்ளை வரவில்லை. பிறகு அதன் தம்பி. பிறகு நாவுலவிலிருந்து பஸ்ஸில் வருகிற அண்ணன் தங்கச்சி. ஓடு உடைக்கிற கிளாஸில் சீக்கிரம் பெல்ட் கொடுக்கிறார்களாம் என்று ஒரு தகப்பன் என் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். ஒரு சாயந்திரம் எண்ணிப் பார்க்கத் தேவையே இல்லாத அளவுக்கு ஆட்கள் குறைந்துபோனார்கள். கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்கு வைத்த வாளிகள்தான் அன்றைக்குப் பிள்ளைகளைவிட ஒழுங்காக வரிசையில் இருந்தன.

ஒப்பரேஷன் முடிந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாளில் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று அவர் மனைவி போனில் சொன்னார். "கிளாஸ் நடக்குதான்னு கையால கேக்குறாரு அண்ணே. என்ன சொல்ல?"

"நல்லா நடக்குதுன்னு சொல்லுங்கம்மா" என்றேன். போனை வைத்த பிறகு வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினேன். கசந்தது.

நேராகப் புடவைக் கடைக்குப் போனேன், அந்தச் சின்னப்பிள்ளையின் உம்மாவிடம். அவரும் மகளை அனுப்பி ரெண்டு வாரமாகியிருந்தது.

"மாஸ்டர் வரப்போறாரு" என்றேன். "ஹோல்ல யாருமில்ல."

அவர் துணியை மடித்துக்கொண்டே சொன்னார், "மொதலாளி, ஒங்களுக்குப் படிச்சுக்குடுக்கத் தெரியாது."

"தெரியும்."

"என்னா தெரியும்?"

"தெரியாதுங்கறது தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. "நான் அந்த விறாந்தையில எத்தன வருஷம் நின்னேன். சேர் பேசுறது கொஞ்சம், பாக்குறது கூட. நீங்க பேசுறது கூட. ஒரு புள்ளயையும் பாக்குறதில்ல. ஒங்களயே பாத்துக்கிறீங்க, எல்லாரும் சிரிக்கிறாங்களான்னு."

கராத்தேயில் எனக்கு விழுந்த ஆகப் பெரிய குத்து அதுதான். மூக்குக்கு முன்னால் நிற்கவும் இல்லை.

"நாளைக்கு மகள அனுப்புறேன்" என்றார். "மத்தத் தாய்மாரோடயும் பேசுறேன். நீங்க வாய மூடிட்டு நில்லுங்க. போதும்."

வாயை மூடினேன். எனக்கு அது நோன்பு மாதிரி. பேசாமல் நின்றபோதுதான் பார்த்தேன், ஒரு பையன் இடது காலை ஊன்றப் பயப்படுகிறான், இன்னொருத்தி குத்துகிறபோது மூச்சை அடக்கிக்கொள்கிறாள். திருத்த எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போய் நின்று நானும் செய்தேன். நான் செய்ததும் தப்புதான். ஆனால் இரண்டு பேரும் ஒன்றாகத் தப்பாகச் செய்கிறபோது பிள்ளைக்குக் கொஞ்சம் பயம் விடுகிறது. ஒவ்வொரு தாயாக அந்த உம்மா பேசியிருக்க வேண்டும். பிள்ளைகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன.

எண் மட்டும் மாறவில்லை. ஜப்பான் பாஷைக்குத் திரும்பலாம் என்றேன், பிள்ளைகள் சம்மதிக்கவில்லை.

மாஸ்டர் வந்த அன்று சொல்லாமல்தான் வந்தார். கழுத்தில் ஓட்டை, அதன்மேல் வெள்ளைத் துணி. உடுப்பு தொளதொளவென்று தொங்கியது. வாசலில் நின்று வரிசையைப் பார்த்தார். கடைசி வரிசை வரைக்கும் பார்த்தார். ஹோல் நிறைந்திருந்தது. அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, பதற்றத்தில் வேகமாகக் கத்தினேன்.

"லாபம்."

எல்லாக் கைகளும் ஒன்றாகப் போய் நின்றன. "லாபம்" என்று பிள்ளைகள் கூரை அதிரக் கத்தின.

மாஸ்டரின் தோள் குலுங்கியது. ஒரு கையால் கழுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டார், மறு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். சத்தமே இல்லாமல் ஒரு மனுஷன் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. வாசலுக்கு வெளியே அவர் மனைவி அழுதுகொண்டு நின்றார், அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

அன்று அவர் கிளாஸ் எடுத்தார். நான் எண்ணினேன், அவர் வரிசைக்குள் நடந்தார். ஒருவனின் குதிகாலைத் தன் கால் விரலால் தொட்டார். ஒருத்தியின் தோளில் கை வைத்து அவள் மூச்சு விடுகிற வரைக்கும் நின்றார். குரல் இருந்தபோதும் அவர் இதைத்தான் செய்தார் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. கிளாஸ் முடிவில் முன்னால் வந்து நின்றார். எல்லோரும் காத்திருந்தோம். அவர் தலையைக் குனிந்து தன் முடிச்சைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். தலையைத் தூக்கி, என் பக்கம் ஒரு நொடி கூடக் காத்திருந்தார்.

அப்படிச் சில மாதங்கள் போயின. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு நாற்காலி மட்டும் இருந்தது. நோய் மறுபடி நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. கிளாஸ் நடந்தது, நான் தினமும் அவர் வீட்டுக்குப் போய் யார் யார் வந்தார்கள் என்று சொல்வேன். பேர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தலையாட்டுவார். ஒருநாள் தலையாட்டவில்லை.

சாவு வீட்டன்று காலையில் மனைவி என் கராத்தே உடுப்பை இஸ்திரி போட்டுக் கதிரையில் வைத்திருந்தாள்.

பெட்டியில் அவருக்குக் கல்யாணக் கோட்டு உடுத்தியிருந்தார்கள். கோட்டு அவருக்கு ரொம்பப் பெரிசாகிவிட்டிருந்தது. மாஸ்டரின் மனைவி கறுப்பு பெல்ட்டை என் கையில் கொடுத்தார். "அண்ணே, இத எனக்குக் கட்டத் தெரியாது. கட்டி விடுங்க."

கோட்டுக்கு மேலே கட்டினேன். முதல் தடவை முடிச்சு கோணலாக வந்தது. அவிழ்த்தேன். மறுபடி கோணல். உயிரோடு இருந்திருந்தால் பக்கத்தில் நின்று தன் பெல்ட்டை அவிழ்த்து, பேசாமல் கட்டிக் காட்டியிருப்பார். அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை கட்டினேன். அந்தக் கைகளில் ஜெபமாலை இருந்தது.

கோயிலுக்குக் கொண்டுபோகிற வழியில் ஹோலில் சற்று நேரம் வைக்க ஃபாதர் ஒத்துக்கொண்டார். தூக்கிக்கொண்டு உள்ளே போனபோது பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். வெள்ளையாக, முன் வரிசையிலிருந்து பின் சுவர் வரைக்கும். ஓடு உடைக்கிற கிளாஸுக்குப் போனவர்களும் வந்திருந்தார்கள், நாவுல அண்ணன் தங்கச்சியும். புடவைக் கடை உம்மா விறாந்தையில் செருப்பைக் கழற்றிவிட்டு முதன்முதலாக உள்ளே வந்து, பின் சுவரோரம் நின்றார்.

அவர் கேட்டது இதைத்தான். தான் வந்து நிற்கிறபோது பிள்ளைகள் நிற்க வேண்டும் என்று.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்ல வேண்டும். மூன்று சொல்கூட இல்லை, இரண்டுதான். வாயைத் திறந்தேன். விறாந்தையிலும் கடையிலும் கல்யாண வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் ஓயாத வாய். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தேன்.

முன் வரிசையில் நின்ற அந்தப் பெண்பிள்ளை, இப்போது என் தோளுக்கு வளர்ந்துவிட்டவள், கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலே தலையைக் குனிந்து தன் முடிச்சைப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவன் பார்த்தான். ஒவ்வொரு வரிசையாகத் தலைகள் குனிந்தன. அவரவர் முடிச்சை அவரவர் பார்த்தார்கள்.

நானும் பார்த்தேன். தெரியவில்லை. அத்தனை வருஷக் கராத்தேக்குப் பிறகும் அந்த வயிறு அங்கேயேதான் இருந்தது.

அதனால் கொஞ்சம் கூடக் குனிந்தேன்.